கேரட் பாத்தியில் டீசல் கொட்டிவிட்டது, நுண்ணுயிர் பாட்டில் வாங்கலாமா?

கேள்வி: நீலகிரி கேத்தியில் கேரட் போடுகிறோம். பம்ப்செட் பக்கத்தில் வைத்திருந்த கேன் சாய்ந்து 20 லிட்டர் டீசல் மேல்பாத்தியில் இறங்கிவிட்டது. நுண்ணுயிர் பாட்டில் வாங்கி ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள் ஐயா. டீசலைத் தின்னும் சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் மாதிரி பாக்டீரியாக்கள் உங்கள் மண்ணிலேயே இருக்கும், எண்ணெய் பட்டதும் தானாகப் பெருகும். அவற்றுக்குப் பற்றாதது காற்றும் தழைச்சத்தும்தான். ஒரு கிலோ டீசல் முழுதாகச் சிதைய மூன்று கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். உங்கள் 20 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 200 கன மீட்டர் காற்றாவது மண்ணுக்குள் போயாக வேண்டும். இறுகி நனைந்து கிடக்கிற பாத்திக்குள் அது எப்படிப் போகும்?

முதலில் கீழ்ப்பக்கம் கரை கட்டுங்கள், மழை பிடித்தால் எண்ணெய் ஓடைக்குப் போய்விடும். தண்ணீர் விட்டு அலசுவது, சோப்புத்தூள், கொளுத்துவது எதுவும் வேண்டாம். டீசல் வாடை அடிக்கிற ஆழம் வரை மண்ணை வெட்டி, தடித்த தார்ப்பாயில் முழங்கால் உயரத்துக்குக் குவித்து, மேலே மழை படாமல் கூரை போடுங்கள்.

நம் மலை மண் புளிப்பு மண், அதில் இந்த பாக்டீரியாக்கள் மந்தமாகத்தான் வேலை செய்யும். மண் பரிசோதனை பார்த்து டோலமைட் சுண்ணாம்பு கலந்து பி.எச். அளவை 6.5 பக்கம் கொண்டு வாருங்கள். பத்து நாள் விட்டு யூரியா 3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, மூன்று தவணையாக. டீசலில் உள்ள கார்பன் 100 பங்குக்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்ற விகிதத்தில் வருகிற அளவு இது. ஒரேயடியாகக் கொட்டினால் உப்பு ஏறி நுண்ணுயிரே செத்துப்போகும்.

அப்புறம் காற்று. கரண்ட் வசதி இருந்தால் துளை போட்ட பிவிசி குழாயைக் குவியலுக்கு அடியில் வைத்து சின்ன ப்ளோயர் மாட்டலாம், ஆனால் உங்கள் அளவுக்கு வாரம் இரண்டு தடவை மண்வெட்டியால் அடிமண் மேலே வரும்படி புரட்டினாலே போதும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது.

குளிர்தான் இங்கே பெரிய தடை. 10 டிகிரிக்குக் கீழே போனால் சிதைவு மிகவும் குறைந்துவிடும், அதனால் உறைபனி மாதங்களில் கருப்பு பாலித்தீன் போர்த்தி பகல் சூட்டைப் பிடித்து வையுங்கள்; ஆனால் இறுக மூடாமல், காற்று போய்வர ஓரங்களைத் தூக்கி விடுங்கள். ஆறு மாதம் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததா என்று பார்க்க, மண்ணைப் பாட்டிலில் பாதி போட்டு மூடி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துத் திறந்து முகருங்கள். வாடை இல்லையென்றால் ஒரு தொட்டியில் இந்த மண், இன்னொன்றில் நல்ல மண், இரண்டிலும் முள்ளங்கி விதை. ஒரே மாதிரி முளைத்தால் மண்ணைப் பாத்திக்குத் திருப்பலாம். முதல் போகத்துக்கு லூபின் என்ற பசுந்தாள் உரச் செடி போட்டு மடக்கி உழுங்கள். கேரட் தோலில் எண்ணெய் ஏறும், ஆய்வகத்தில் எண்ணெய் அளவு பார்க்காமல் அங்கே கேரட் விதைக்க வேண்டாம்.