பக்கத்துப் பல்லு என்ன நிலமையில இருக்கு?

கேள்வி: டாக்டர் ஐயா, எங்க வீட்டுக்காரர் சவுதியில வெல்டர் வேலை பாக்காரு, வயசு 44. ரெண்டு வருஷத்துக்கு முன்னால கீழ் வலது பக்கத்துல ஒரு கடவாப்பல்லு, வலி தாங்க முடியலன்னு அங்கயே புடுங்கிட்டாரு. வர்ற மாசம் 45 நாள் லீவுல வாராரு. மார்த்தாண்டத்துல ஒரு டாக்டர் இம்ப்ளாண்ட்தான் நல்லது, 28,000 ஆகும்னாரு. நாகர்கோவில்ல இன்னொருத்தர் பத்து நாள்ல பிரிட்ஜ் கட்டி அனுப்பிரலாம், யூனிட் 6,000ன்னாரு. எங்க நாத்தனார் என்னன்னா, உள்ள கிடக்க பல்லு யாருக்குத் தெரியப்போவுது, சும்மா விடுங்கன்னு சொல்லுறா. அவருக்கு சுகர் மாத்திரையும் உண்டு. எதைச் செய்யட்டும்?
- வாசகி, கருங்கல்

பதில்: தங்கச்சி, லெட்டர்ல லீவு எத்தனை நாள், ரேட்டு எவ்வளவு, நாத்தனார் என்ன சொன்னாங்க எல்லாம் இருக்கு. ஆனா புடுங்கின பல்லுக்கு முன்னாலயும் பின்னாலயும் நிக்குற ரெண்டு பல்லைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் முதல்ல கேக்குறது அதைத்தான்.

ஏன்னு சொல்றேன். பிரிட்ஜ்னா இல்லாத பல்லை அந்தரத்துல தொங்க விட முடியாது, முன்னால உள்ள பல்லையும் பின்னால உள்ள பல்லையும் நாலு பக்கமும் சீவி சின்னதாக்கி, மேல கேப் மாட்டி, ரெண்டு கேப்புக்கும் நடுவுல போலிப்பல்லை ஒட்டவச்சு ஒரே கட்டா பசை போட்டு உக்கார வைக்கிறது. சீவின எனாமல் திரும்ப வளராது. அது நல்ல பல்லா இருந்தா, இல்லாத ஒண்ணுக்காக இருக்கிற ரெண்டை வெட்டுறோம்னுதான் அர்த்தம், சில பேருக்கு சீவின பல்லுல நரம்பு செத்து அஞ்சாறு வருஷம் கழிச்சு வேர் சிகிச்சை வரைக்கும் போயிருக்கு. அதோட மூணு பல்லு மெல்லுற பாரத்தை ரெண்டு பல்லு சுமக்கணும். நம்ம மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு 28 தூணு இருக்கு (ஞானப்பல்லை விட்டுட்டா நமக்கும் 28 பல்லுதான், நான் இதை ஒவ்வொரு பேஷன்ட் கிட்டயும் சொல்லி சொல்லி எங்க நர்ஸம்மாவுக்கே அலுத்துப்போச்சு), இந்த பாலத்துக்கு ரெண்டே தூணு.

அதே நேரத்துல, அந்த ரெண்டு பல்லும் ஏற்கெனவே பெரிய சொத்தை அடைச்சதா, வேர் சிகிச்சை பண்ணி எப்படியும் கேப் போட வேண்டியதா இருந்தா, நான் யோசிக்காம பிரிட்ஜுன்னு சொல்லிருவேன். எப்படியும் சீவத்தான் போறோம், நடுவுல ஒரு பல்லும் சேந்து வந்திரும். இதைப் பாக்க ஒரு எக்ஸ்ரே போதும்.

இனி ரேட்டுக் கணக்கு. யூனிட் 6,000ன்னதும் நீங்க 6,000 எங்க, 28,000 எங்கன்னு நினைச்சிருப்பீங்க. போனது ஒரு பல்லானாலும் பிரிட்ஜுக்கு ரெண்டு கேப்பும் ஒரு போலிப்பல்லுமா மூணு யூனிட்டு, அப்போ 18,000. வித்தியாசம் பத்தாயிரம்தான். ஆனா அந்த 28,000ல மேல மாட்டுற கேப்பும் சேந்துருக்கா, இல்ல எலும்புல வைக்கிற ஸ்க்ரூவுக்கு மட்டுமான்னு கேளுங்க, ஸ்கேன் செலவு, எலும்பு பத்தலன்னா எலும்புத்தூள் வைக்கிற செலவு எல்லாம் தனியான்னும் கேட்டு ஒரு தாள்ல எழுதி வாங்கிக்கிடுங்க. எழுதித் தாங்கன்னு கேட்டா நல்ல டாக்டர் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

இம்ப்ளாண்டுங்கிறது தாடை எலும்புல டைட்டானியம் ஸ்க்ரூ வைக்கிறது. டைட்டானியத்தோட எலும்பு ஒட்டிப்பிடிக்கும்னு 1950கள்ல ஸ்வீடன்ல பிரோனமார்க்னு ஒரு டாக்டர் முயல் கால் எலும்புல வேற ஏதோ ஆராய்ச்சி பண்ணும்போது கண்டாரு, வச்ச டைட்டானியத்தை திரும்ப எடுக்கப்போனா வரமாட்டேங்குது. 1965ல முதல் ஆளுக்கு வச்சாரு, அந்த ஆளு 2006ல சாகுற வரைக்கும் அது வாயில கிடந்துச்சு. எல்லாருக்கும் அப்படி நாப்பது வருஷம் நிக்கும்னு நான் சொல்ல வரல. ஆனா ஒட்டிப்பிடிக்க நேரம் வேணும்ங்கிறதுதான் விஷயம், கீழ்த்தாடையில சுமார் மூணு மாசம், மேல்தாடையில எலும்பு கொஞ்சம் மிருதுங்கிறதால அதைவிடக் கூடவும் ஆகலாம். 45 நாளுக்குள்ள முழுசா முடியாது. ஒரே நாள்ல பல்லுன்னு விளம்பரம் பாத்திருப்பீங்க, அது சில பேருக்கு ஒத்துவரும், சுகர் உள்ள ஆளுக்கு பாரம் எல்லாம் விழுற கடவாப்பல்லுல அந்த அவசரம் வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

அதனால ரெண்டு லீவா பிரிச்சிருங்க. வந்த முதல் வாரத்துலயே ஸ்க்ரூ வச்சிரணும், தையல் பிரிக்க ஒரு வாரம் பத்து நாள், மீதி நாள்ல புண்ணு ஆறுதா, வீக்கம் சீழ் ஏதும் வருதான்னு பாத்துக்கிடலாம். விருந்து, கல்யாணம், வேளாங்கண்ணி எல்லாம் முடிச்சிட்டு பிளைட்டுக்கு நாலு நாள் முன்னால வந்து நிக்கிறவங்கதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. அடுத்த லீவுல கேப். நடுவுல ஒரு வருஷம் போனாலும் பொதுவா ஸ்க்ரூவுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா மேல எதிர்ல உள்ள பல்லு கடிக்க ஆளில்லாம கீழ இறங்கிட்டே வரும், ரெண்டு வருஷத்துல ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு, பின்பல்லும் முன்னால சாய்ஞ்சிருக்கும். அதை அளந்து பாக்கச் சொல்லுங்க. ஸ்க்ரூ எந்த கம்பெனி, என்ன அளவுன்னு ஒரு ஸ்டிக்கர் வரும், அந்த அட்டையை கையோட வாங்கி பாஸ்போர்ட் கூட வச்சிரச் சொல்லுங்க. லீவு தள்ளிப்போனா அங்க உள்ள டாக்டரே கேப் போட்டுரலாம், அட்டை இல்லன்னா எந்த ஸ்க்ரூன்னு கண்டுபிடிக்கவே அவரு பாடுபடணும்.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாலயே மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் அங்கயே எடுக்கச் சொல்லுங்க. 7 பக்கத்துல இருந்தா தைரியமா செய்யலாம், 9, 10ன்னு நின்னா ஸ்க்ரூ பிடிக்காம போற அபாயம் கூடுதல், முதல்ல அதை இறக்கணும். சிகரெட்டு உண்டான்னு நீங்க எழுதல, நானும் கேக்கல, அவருகிட்ட நீங்களே கேட்டுக்கிடுங்க.

நாத்தனார் சொன்னதையும் தள்ளிர வேண்டாம். போனது வரிசையில கடைசிப் பல்லா இருந்து, மத்த பல்லெல்லாம் வச்சு நல்லா மெல்ல முடியுதுன்னா சும்மா விடுறதும் ஒரு வைத்தியம்தான். கடைசிப் பல்லுக்கு பின்னால தூணு கிடையாது, பிரிட்ஜ் கட்டவும் முடியாது.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு. மேல் வரிசையில பிரிட்ஜ் கட்டி ஆறு வருஷம் ஆச்சு, இப்போ ஒரே நாத்தம். எடுத்துட்டு இம்ப்ளாண்ட் போடலாமா? எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுறாங்க.
- வாசகர், திங்கள்சந்தை

பதில்: அந்த வார மாத்திரையைப் பத்தி பல் டாக்டர்கிட்ட முதல்ல சொல்லிருங்க. அந்த வகை மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு தாடை எலும்புல கீறினா சிலநேரம் புண்ணு ஆறாம எலும்பே செத்துப்போறது உண்டு, அபூர்வம்தான், வந்தா பெரும்பாடு. அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்திரவும் கூடாது, ரெண்டு டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். நாத்தத்துக்கு பெரும்பாலும் காரணம் போலிப்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல நிக்கிற சோறுதான். முனை விறைப்பா இருக்கிற சூப்பர் ஃப்ளாஸ்னு ஒரு நூல் மெடிக்கல்ல கிடைக்கும், அதை அடியில கோத்து தினம் ராத்திரி இழுத்து எடுக்கணும். கட்டி அனுப்பும்போது இதை யாரும் சொல்லிக்கொடுக்கிறதில்ல, எனக்கு அதுல வருத்தம் உண்டு. ஒரு வாரம் செய்தும் போகலன்னா கேப்புக்குள்ள சொத்தை விழுந்திருக்கலாம், இல்ல பசை விட்டிருக்கலாம், கொண்டு காட்டுங்க.

கேள்வி: இம்ப்ளாண்ட் போட்டா எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப்படாதுன்னு சொல்லுறாங்களே? மரச்சீனிக்கிழங்கும் முந்திரிக்கொத்தும் திங்கலாமா?
- வாசகர், குளச்சல்

பதில்: எடுக்கலாம் அண்ணாச்சி, டைட்டானியத்தை காந்தம் இழுக்காது. உள்ள போறதுக்கு முன்னால சொல்லிருங்க, வாய்ப் பக்கம் எடுத்தா படம் கொஞ்சம் மங்கலாத் தெரியலாம், அவ்வளவுதான். மரச்சீனியும் மீன்கறியும் தாராளமா சாப்பிடுங்க. முந்திரிக்கொத்தை மட்டும் கேப் போட்ட பிறகு திங்கலாம், அதுவும் புதுசா சுட்டதா இருக்கட்டும், ஒரு மாசம் டப்பாவுல கிடந்ததைக் கடிச்சா சொந்தப் பல்லே தெறிக்கும்.