வன்னியில் ஒரே நாளில் நடந்து போய்ப் பார்த்துவர அருவி ஏதும் உண்டா?

கேள்வி கேட்டவர் கலிபோர்னியாவில் இருக்கிறார். சனி ஞாயிறில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சான்டா மொனிக்கா மலைகளுக்குப் போய், கடலுக்கு முதுகைக் காட்டியபடி ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றுக்குள் ஏறி, அருவி பார்த்துவிட்டுப் பின்னேரம் வீடு திரும்புவது அவர்களின் வழக்கமாம். மாலிபுவில் உள்ள எஸ்கொண்டிடோ அருவிக்குப் போன கதையையும் எழுதியிருக்கிறார். மார்கழியில் மூன்று கிழமைக்கு, இலங்கையின் வடக்கே வன்னியில் இருக்கிற எங்கள் கிளிநொச்சிக்கு வருகிறார்களாம். இங்கேயும் அப்படி ஒரு நடை உண்டா என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம்.

இல்லை. மருந்துக்கும் ஒரு அருவி கிடையாது.

இதில் பகிடி என்னவென்றால், எங்களிடம் ஒரு அருவி ஆறு இருக்கிறது. சிங்களத்தில் மல்வத்து ஓயா என்பார்கள். 164 கிலோமீற்றர் நீளம், மகாவலிக்கு அடுத்த பெரிய ஆறு. அநுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு வந்து, மன்னாரில் அரிப்புப் பக்கம் கடலில் விழுகிறது. விழுகிறது என்று சொல்வதே ஒரு பேச்சுக்குத்தான். சேற்றுக்குள் கால் புதையப் புதைய நடக்கிறவனைப் போல மெல்லப் போய்ச் சேரும். பள்ளிக்கூடத்தில் நான் புவியியல் வாத்தியாரிடம், "சேர், அருவி ஆற்றில் அருவி எங்கே?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

காரணம் லேசானது. இலங்கையின் நிலம் மூன்று படிக்கட்டாக இருக்கிறது. நடுவில் உயர்ந்த மலைநாடு, அதைச் சுற்றி இடைப்படி, அதற்கும் வெளியே கடல்வரை சமவெளி. ஆறு ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கும் விளிம்பில்தான் பெரிய அருவிகள் பிறக்கின்றன. வன்னி முழுவதும் அடிப்படியில் கிடக்கிறது. அங்குமிங்கும் காட்டுக்குள் தலை நீட்டுகிற கல்மலைகள் உண்டு. ஒதியமலை, வெடுக்குநாறி மலை என்று பெயரில் மலையும் உண்டு. ஆனால் அவற்றில் நின்று ஆறு பிறக்கிற அளவுக்கு உயரமும் இல்லை, மழையும் இல்லை. கனகராயன் ஆறு வடக்கே சுண்டிக்குளம் பக்கம் போகிறது, பாலி ஆறு மேற்கே போகிறது, பேராறு நந்திக்கடலுக்குப் போகிறது. மூன்றும் மழைக்காலத்தில்தான் ஆறு. வைகாசி, ஆனியில் வந்து பார்த்தால் மருத மரங்களுக்கு நடுவே ஒரு மணல் பாதை. அதில் மாடுகளுக்கு ஊற்றுத் தோண்டி வைத்திருப்பார்கள்.

உங்கள் எஸ்கொண்டிடோவும் இதே குணம்தானே. அங்கேயும் மழை குளிர்காலத்தில்தான், கோடையில் பாறை காய்ந்துவிடும். உங்களுக்குக் கடலிலிருந்து நேரே எழும்பி நிற்கும் மலை கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அருவி இல்லாத ஊர்க்காரர் விழுகிற தண்ணீரை எங்கே போய்ப் பார்ப்பார்கள்? வான் பாயும்போது குளக்கட்டுக்குப் போவார்கள்.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள். ஆற்றுக்குக் குறுக்கே மண்ணால் நீளமாகக் கட்டு போடுகிறோம். வயலுக்குத் தண்ணீர் விடுவதற்குத் துருசு. குளம் நிரம்பிக் கட்டையே மேவிப் பாய்ந்தால் கட்டு அரித்துப் போய்விடும். அதனால் ஒரு பக்கத்தில், கட்டைவிடப் பதிவாக, கல்லும் கொங்கிறீற்றும் போட்டு ஒரு வாசல் வைப்பார்கள். மிச்சத் தண்ணீர் அதன் வழியே வழிந்து விழும். அதுதான் வான். பெரிய குளங்களில் இரும்புக் கதவு போட்டிருக்கும், சிறியவற்றில் தண்ணீர் தானாகவே தாண்டும். கார்த்திகை கடைசியில் ஊரில் யாரைக் கண்டாலும் முதல் கேள்வி, "குளம் வான் பாயுதோ?" காலபோகம் என்கிற மாரிகால நெல் வெள்ளாமையின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

எங்கள் வீடு தர்மபுரத்தில், பரந்தன் முல்லைத்தீவு வீதிக்குக் கிட்ட. தெற்கே போனால் கல்மடுக் குளம். நானும் கூட்டாளிமாரும் வருடா வருடம் போகிற நடை அது. காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். வயல் வரம்பு முழுக்கச் சேறு, செருப்பைக் கையில்தான் பிடித்துக்கொண்டு போக வேண்டும். வான் கண்ணுக்குத் தெரிவதற்கு முதலே சத்தம் வரும். முதலில் தூரத்தில் பஸ் ஒன்று போவது மாதிரி இருக்கும், பிறகு அந்தப் பஸ் போகவே மாட்டேன் என்று நின்றுகொண்டிருக்கும். கிட்டப் போனால் தண்ணீர் தேத்தண்ணி நிறம். விளிம்பில் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று வளைந்து, கீழே கொங்கிறீற்றில் பட்ட உடனே நுரைத்து வெள்ளையாகிவிடும். கீழே பெடியள் வரிசையாக நின்று வீச்சுவலை எறிவார்கள். எதிர்த்துப் பாய்கிற மீன் சில வேளை வலைக்குத் தப்பிக் கரையில் நிற்பவனின் காலடியில் வந்து விழும். அதற்கு நடக்கிற சண்டையைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம். யாராவது ஒருவர் சைக்கிளில் கச்சான் கொண்டுவந்து விற்பார்.

2009 ஜனவரியில், போர் நடந்துகொண்டிருந்தபோது, இந்தக் குளத்தின் கட்டு உடைக்கப்பட்டது. இப்போது பார்க்கிற கட்டு அதற்குப் பிறகு திருத்திக் கட்டியது. அந்த நாளைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை இருக்கிறது, இங்கே எழுதவில்லை.

கதவுகளோடு பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றால் இரணைமடு. 1902இல் வேலை தொடங்கிய குளம், வட மாகாணத்தில் இதைவிடப் பெரிது இல்லை. கதவு திறந்து விடுகிற நாளில் பாலத்தில் நின்றால் நெஞ்சுக்குள் அதிரும். ஆனால் அது வேடிக்கை பார்க்கிற தண்ணீர் மட்டும். 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். கதவு திறந்திருக்கும்போது கீழ்ப்பக்க ஆற்றுக்குள் பிள்ளைகளை இறக்க வேண்டாம். சின்னக் குளத்து வானிலும் அப்படித்தான். முழங்கால் அளவு தண்ணீர் என்று தோன்றும், விழுகிற இடத்தில் சுழி ஆளைக் கீழே பிடித்து வைத்துக்கொள்ளும். பாசி வேறு. நானே ஒருமுறை படியில் வழுக்கி, இடுப்பில் அடிபட்டு, இரண்டு கிழமை சைக்கிள் ஏறாமல் திரிந்தேன். முதலையும் உண்டு. வெள்ளத்தோடு அது எங்கே இடம் மாறியிருக்கும் என்று குளத்தில் தோணி விடுகிறவர்களுக்கே தெரியாது.

அப்புறம் காடு. அங்கே நீங்கள் பாதை பிரிந்து, ஓடையின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய்ப் பழகியிருப்பீர்கள். இங்கே அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். மிதிவெடி அகற்றுகிற வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடிகூட இல்லை. பலகை இல்லாத இடத்திலும் ஊராள் ஒருவர் முன்னால் போகாமல் போக வேண்டாம். யானை விடியப்புறத்திலும் பொழுதுபட்ட பிறகும் நடமாடும். பாலைப்பழக் காலத்தில் கரடிக்குத்தான் முதல் உரிமை, மார்கழியில் அந்தப் பயம் கொஞ்சம் குறைவு.

உண்மையான அருவிதான் வேண்டும் என்றால் வன்னியை விட்டு வெளியே போக வேண்டும். அதற்கும் ஒரே றோட்டுத்தான், ஏ9. கிளிநொச்சியில் ஏறி, வவுனியா, மிகிந்தலை, தம்புள்ளை தாண்டி மாத்தளையில் இறங்கலாம். இருநூறு கிலோமீற்றருக்கு மேல் வரும். காலையில் போய்ப் பின்னேரம் வருகிற நடை இல்லை. இரவு பத்து மணிக்கு வாகனம் பிடித்து, விடிய அங்கே முகம் கழுவி, பகல் முழுக்க நடந்து, மறுபடி இரவில் திரும்பினால் ஒரு நாள் என்று கணக்குக் காட்டலாம்.

உயரம்தான் முக்கியம் என்றால் பம்பரகந்த 263 மீற்றர், தியலும 220 மீற்றர். இரண்டும் இன்னும் தெற்கே, பண்டாரவளைக்கு அப்பால். மூன்று கிழமையில் இரண்டு நாளை அதற்கு ஒதுக்க முடிந்தால் போங்கள். தலவாக்கலைப் பக்கத்துச் சென் கிளயார் அருவியை மார்கழியில் நம்பிப் போக வேண்டாம். அந்தப் பக்கத்துக்கு மழை வைகாசிக்குப் பிறகுதான், மேல் கொத்மலை மின்திட்டம் வந்ததிலிருந்து தண்ணீரும் பழையபடி இல்லை. மாத்தளைப் பக்கத்து நக்கிள்ஸ் மலைகளின் கிழக்குப் பக்கம் அப்படி இல்லை. எங்கள் குளங்களை நிரப்புகிற அதே வாடைக்காற்று மழைதான் அங்கேயும் கொட்டுகிறது. லக்கலப் பக்கம் சேர எல்ல என்று ஒன்று இருக்கிறது. விழுகிற தண்ணீருக்குப் பின்னால் குகை, உள்ளே போய் நின்று தண்ணீரின் முதுகைப் பார்க்கலாம். உயரம் குறைவு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஒரு விஷயம், 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைப்பாதைகள் நிறையச் சேதப்பட்டன. போகிற பாதை திறந்திருக்கிறதா என்று அங்குள்ள ஆட்களிடம் கேட்டுவிட்டே வாகனம் பிடியுங்கள்.

எனக்கு மாத்தளை மலை வேறு காரணத்தால் தெரியும். என் அம்மாவின் அம்மா ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்களில் ஒருவர். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அம்மம்மா என்னும்போது நான் அம்மாயி என்பேன், அதற்கு வாங்கிய நக்கல் கொஞ்சமில்லை. கல்மடு வான் பார்க்க ஊரே ஓடும்போது அம்மாயி மட்டும் அசைய மாட்டார். "இதெல்லாம் ஒரு தண்ணியா? எங்க பீலிய நீ பாத்ததில்ல" என்பார். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளுக்கு மேலே பாறையிலிருந்து விழுகிற அருவியில் மூங்கிலைப் பிளந்து வைத்து, தண்ணீரை லயத்துக்குக் கிட்டக் கொண்டு வந்திருப்பார்கள். அந்த மூங்கில் முனைதான் பீலி. குளிப்பு, தோய்ப்பு, ஊர்க்கதை எல்லாம் அங்கேதான்.

2014 தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு. ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் தேயிலை, மேலே மூடுபனி. அட்டைக்கு நான் நகரத்துக் கடையில் வாங்கிய மருந்தை எடுத்தேன். அம்மாயி சிரித்துவிட்டு, சவர்க்காரக் கட்டியை நனைத்து என் கணுக்காலைச் சுற்றி மாவு மாதிரி பூசினார். "காயவிடு. கழுவிடாத." மருந்து அடித்த என் தம்பிக்குப் பன்னிரண்டு அட்டை. எனக்கு ஒன்றுதான், அதுவும் கழுத்தில்.

அருவி இரண்டு தென்னை உயரம் இருக்கும். வரைபடத்தில் பெயர்கூட இல்லாத அருவி. தம்பி தண்ணீருக்குள் இறங்கப் போனான். அம்மாயி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மேலே பார்த்தார், பிறகு தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார். "மேல மழ பெஞ்சா இங்க தெரியாது. தண்ணி கலங்கி, சருகு சேந்து வந்தா உடனே கரைக்கு ஓடணும். சத்தம் மாறும், அத முதல்ல கேளு" என்றார். நான் இணையத்தில் வாசித்த எந்த மலையேற்ற அறிவுரையும் அவ்வளவு சுருக்கமாக இல்லை. உங்கள் பள்ளத்தாக்குகளுக்கும் அது பொருந்தும்.

பீலி இருந்த இடத்தில் மூங்கில் இல்லை, கறுப்புப் பிளாஸ்டிக் குழாய். அம்மாயிக்கு அதில் ஒரு வருத்தமும் வந்ததாகத் தெரியவில்லை. குழாய் வாயில் கையை வைத்துக் குடித்தார், முகம் கழுவினார், பிறகு வாகனத்தில் கிடந்த ஐந்து லீற்றர்க் கானை எடுத்துவரச் சொன்னார். தர்மபுரத்துக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணிக்கு ருசியே வராது என்று நாற்பது வருடமாக முறைப்பாடு வைத்திருந்தவர் அவர். வீட்டுக்கு வந்து அந்தக் கானை அடுப்படி மூலையில் வைத்து, சீலைத் துண்டால் மூடி, ஒரு கிழமைக்குத் தனக்கு மட்டும் அதில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார். எங்களுக்குத் தரவில்லை. ஏழாம் நாள் எனக்கு அரைக் கோப்பை கிடைத்தது, சாயம் மெல்லிசாக, சீனி இல்லாமல்.

ஆகவே மாத்தளைப் பக்கம் போவதென்றால், சவர்க்காரக் கட்டி ஒன்று, மாற்று உடுப்பு, வெறும் கான் ஒன்று. கிளிநொச்சியில் இருக்கிற மிச்ச நாட்களில் மழை பெய்தால் கல்மடுவுக்கு வாருங்கள், கச்சான்காரர் அங்கேதான் நிற்பார்.