ஐஸ் எந்தக் கையில்?

கேள்வி: சிஸ்டர், என் ஆத்தாவுக்கு வயது 63. வாரம் 3 நாள் காரைக்குடிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறேன். டயாலிசிஸ் ஊசிக்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து பிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். ஊசி குத்தும்போது என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். ஐஸ் வைத்தால் வலி தெரியாது என்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. வைக்கலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: வைக்கலாம்மா. ஆனால் பிஸ்டுலா இருக்கும் கையில் வேண்டாம். வலது கையில் வையுங்கள்.

குத்துவது ஒரு கை, ஐஸ் இன்னொரு கையா என்று நினைப்பீர்கள். 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். குளிர் பட்டால் ரத்தக்குழாய் சுருங்கும். பிஸ்டுலா விரிந்து ஓடினால்தான் டயாலிசிஸ் நடக்கும்; அதைச் சுருக்கிவிடக் கூடாது. மறு கையின் புறங்கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதைப்பற்றான இடம் இருக்கிறதே, அங்கே ஐஸ் தேய்த்தால் ஊசி வலி குறைகிறது என்று டயாலிசிஸ் நோயாளிகளிடமே செய்து பார்த்திருக்கிறார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போகிற வழியில், தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பது போல என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965-லேயே சொன்னார்கள். வேறோர் உணர்ச்சி வந்தால் அந்தக் கதவு கொஞ்சம் சாத்திக்கொள்ளும்.

பழைய கண்டாங்கிச் சேலையில் கைக்குட்டை அளவு கிழித்து, ஐஸை உடைத்து அதில் முடிந்துகொள்ளுங்கள். ஊசிக்கு 10 நிமிடம் முன்பே தொடங்கி, இரண்டாவது ஊசியும் ஏறும்வரை வட்டமாக, மெல்லத் தேய்க்க வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தி வைக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்னப் பையன் கையில் வெறும் ஐஸை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அந்த இடம் காசு அளவுக்கு வெளுத்திருந்தது. மறுநாள் கொப்புளம். அந்தக் கை இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஆத்தாவுக்குச் சர்க்கரை இருந்து கை மரத்துப்போகிறது என்றால் இது வேண்டவே வேண்டாம். குளிர் சுடுவது அவருக்குத் தெரியாது. எப்படியும் டயாலிசிஸ் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

வலி முழுக்கப் போய்விடாது. ரத்தப் பரிசோதனை ஊசி 21, 22 கேஜ் என்றால் டயாலிசிஸ் ஊசி 15, 16. நம்பர் குறையக் குறைய ஊசி தடிமன். ஆனாலும் அந்தப் பிடி தளர்வது உங்கள் முந்தானைக்குத் தெரியும்.

இன்னொன்று. தாகத்துக்கு மிச்ச ஐஸை ஆத்தா வாயில் போட்டுக்கொள்ளப் பார்ப்பார். அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.