கிரியேட்டினின் நார்மல் என்றால் சிறுநீரகம் தப்பித்துவிட்டதா?

காட்மியம் என்ற நச்சு உலோகம் புழங்கும் இடத்தில் வேலை, வருடாந்திரப் பரிசோதனையில் இரத்தக் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 0.9, இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் பலருக்கு அந்த எண் எல்லையைத் தாண்டும்.

காட்மியம் முதலில் கைவைப்பது வடிகட்டியில் அல்ல. வடிந்ததிலிருந்து உடலுக்கு வேண்டியதைத் திரும்ப உறிஞ்சும் நுண்குழாய்களில். அவை பழுதானால் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற சிறிய புரதங்கள் சிறுநீரில் ஒழுகும். சிறுநீரில் முக்கிப் பார்க்கும் பட்டை அல்புமினைத்தான் முக்கியமாகக் காட்டும். சிறிய புரதம் அதற்குத் தெரியாது. ஆகவே, பட்டையில் ‘நெகட்டிவ்’ வந்ததை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: இரத்தக் காட்மியம், சிறுநீர்க் காட்மியம், சிறுநீரில் பீட்டா-2. அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1992-இல் கொண்டுவந்த விதிப்படி எல்லைகள் இவை: இரத்தக் காட்மியம் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், சிறுநீர்க் காட்மியம் அதிலுள்ள ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 3 மைக்ரோகிராம், பீட்டா-2 அதே கணக்கில் 300 மைக்ரோகிராம். இவற்றில் ஒன்று தாண்டினாலும் கண்காணிப்பு இறுகும்.

பெரும்பாலும் கோட்டை விடுவது மாதிரி எடுப்பதில்தான். அமிலச் சிறுநீரில் பீட்டா-2 சிதைந்துவிடும், மூத்திரப்பைக்குள் இருக்கும்போதே. கெட்டுப்போன சிறுநீரகத்துக்கும் நல்ல எண் வந்துவிடும். அதனால் காலை முதல் சிறுநீர் வேண்டாம். முழுதாகக் கழித்துவிட்டு, பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் கழித்து மாதிரி கொடுங்கள். உடனே பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறைந்தால் அமிலம் அதிகம்) பார்க்க வேண்டும். 6-க்கும் 8-க்கும் இடையில் இருக்கட்டும். குறைந்தால் ஆய்வகத்தில் சில சொட்டுக் காரம் சேர்த்துச் சரிசெய்வார்கள். ஆனால் ஏற்கெனவே சிதைந்தது திரும்பாது. அமிலத்தை ஓரளவு தாங்கும் இன்னொரு சிறிய புரதமான ரெட்டினால் பைண்டிங் புரோட்டீனையும் சேர்த்துப் பார்ப்பது என் பரிந்துரை.

வேலை உடுப்போடு மாதிரி கொடுக்காதீர்கள். விரலில் ஒட்டிய தூசி டப்பாவில் விழுந்தாலே காட்மியம் எகிறும். குளித்து, உடை மாற்றிய பிறகு கொடுங்கள். சிறுநீர்க் கிரியேட்டினின் லிட்டருக்கு 0.3 முதல் 3 கிராமுக்குள் இல்லையென்றால் அந்த மாதிரி செல்லாது.

காய்ச்சல், தொற்று இருந்தாலும் பீட்டா-2 ஏறும். ஒருமுறை கூடினால் பதறாமல் மறுபடி எடுங்கள். மறுபடியும் கூடுதலாகவே இருந்தால் அந்த இடத்திலிருந்து விலகித்தான் ஆக வேண்டும். சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் பிடிக்கும். ‘உலோகத்தை வெளியேற்றும் மருந்து’ என்று யாராவது கொடுத்தால் வாங்கிச் சாப்பிடாதீர்கள். சில மருந்துகள் காட்மியத்தைச் சிறுநீரகத்துக்கே கொண்டுசேர்க்கும்.