மிக்ஸை முடிக்கும்போது -14 லஃப்ஸுக்குக் கொண்டுவருவது கட்டாயமா?

கேள்வி: பீக்கை (ஒலியின் உச்சியை) 0 டெசிபல் வரை நார்மலைஸ் செய்து ஏற்றியும் என் பாடல் மற்ற பாடல்களைவிட மெலிதாகக் கேட்கிறது. -14 லஃப்ஸ் வைக்க வேண்டும் என்கிறார்கள். அது கட்டாயமா? எப்படி அளந்து முடிப்பது?

பதில்: கட்டாயமில்லை. லஃப்ஸ் (LUFS) என்பது நம் காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு. -14 என்பது ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்கள் பாடலை ஒலிக்கவிடும்போது தாங்களே பிடித்துக்கொள்ளும் அளவு. நீங்கள் கொடுக்கும் கோப்பும் அதே எண்ணில் இருந்தாக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனால் பீக்கை நம்பி நார்மலைஸ் செய்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒலி அலை ஒரு கணம் எவ்வளவு உயரம் எழுந்தது என்பதை மட்டுமே பீக் சொல்லும். ஒரே ஒரு ஸ்னேர் டிரம் அடி சில மில்லி செகண்டுகளுக்கு 0-வைத் தொட்டால் போதும், இதற்குமேல் ஏற்ற இடமில்லை என்று மென்பொருள் நின்றுவிடும். குரல் எங்கோ கீழே கிடந்தாலும் அதற்கு அது ஒரு பொருட்டில்லை. நம் காதோ சற்று நேரம் நீடிக்கும் ஆற்றலை வைத்துத்தான் சத்தத்தை எடைபோடுகிறது. எல்லா அதிர்வெண்களையும் அது சமமாகக் கேட்பதும் இல்லை. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைகோடுகளாக வெளியிட்டுவிட்டார்கள்.

இவற்றைக் கருத்தில் கொண்டு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வகுத்ததுதான் பிஎஸ்.1770 என்ற அளவீட்டு முறை. இன்றைய லஃப்ஸ் மீட்டர்கள் எல்லாம் அதன்படி இயங்குகின்றன. மீட்டர் முதலில் ஒலியை வடிகட்டுகிறது: மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்து, ஏறத்தாழ 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளவற்றை 4 டெசிபல் அளவுக்கு உயர்த்துகிறது. பிறகு 400 மில்லி செகண்ட் துண்டுகளாக ஆற்றலைக் கணக்கிடுகிறது. -70 லஃப்ஸுக்குக் கீழே உள்ள துண்டுகளை மௌனம் என்று கழித்துவிடும். மிஞ்சியவற்றின் சராசரியைவிட 10 டெசிபலுக்குமேல் தாழ்ந்திருப்பவையும் கழிந்துபோகும். கடைசியில் கிடைப்பதுதான் இன்டக்ரேட்டட் அளவு, அதாவது முழுப் பாடலுக்குமான ஒரே எண்.

இந்தக் கழித்தலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குரலும் பியானோவுமாக ஒரு நிமிடம் மெல்ல நகர்ந்து, பிறகு எல்லா வாத்தியங்களும் ஒன்றாக இறங்கும் பாடலில், அந்த முதல் நிமிடம் கணக்கில் வராமலே போகலாம். ஆகவே எண் சரியாக இருக்கிறது என்பதற்காகத் தொடக்கம் சரியாகக் கேட்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். மீட்டரைப் பாதியில் ஓட்டி நிறுத்தவும் வேண்டாம். பாடலின் முதல் நொடி முதல் கடைசி எதிரொலி அடங்கும்வரை ஒருமுறை முழுதாக ஓட்டினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. இடையில் எங்கே உரக்கிறது, எங்கே தளர்கிறது என்று பார்க்க 3 செகண்ட் சராசரி காட்டும் ஷார்ட் டேர்ம் அளவு இருக்கிறது. நான் மிக்ஸ் வேலையில் அதிகம் பார்ப்பது அதைத்தான்.

கணக்கு எளிது. 1 டெசிபல் ஏற்றினால் லஃப்ஸும் 1 ஏறும். சமீபத்தில் நான் முடித்த ஒரு பாடல் -19.2 லஃப்ஸில் இருந்தது, ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சி) -0.4. அதை -14-க்குக் கொண்டுபோக 5.2 டெசிபல் ஏற்ற வேண்டும். ஏற்றினால் பீக் +4.8-க்குப் போய்விடும். அதை -1-க்கு இறக்க லிமிட்டர் (உச்சிகளை ஒரு வரம்பைத் தாண்டவிடாமல் அடக்கும் கருவி) 5.8 டெசிபலை நசுக்க வேண்டும். கடைசியில் மாட்டிய ஒரே லிமிட்டரிடம் இவ்வளவையும் ஒப்படைத்தால், ஒவ்வொரு ஸ்னேர் அடிக்கும் பாடகரின் குரல் பின்வாங்குவது தெளிவாகக் கேட்கும். நான் மிக்ஸுக்கே திரும்பிப் போனேன். கிக் டிரம்மில் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு நீண்ட வால் இருந்தது. பெரும்பாலான ஸ்பீக்கர்களில் கேட்கவே கேட்காது, லஃப்ஸ் மீட்டரும் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் மேலே இருக்கும் இடத்தை எல்லாம் அதுதான் தின்றுகொண்டிருந்தது. அந்த வாலைச் சுருக்கி, ஸ்னேரின் உச்சியை, டிரம்கள் எல்லாம் ஒன்றுசேரும் டிரம் பஸ்ஸிலேயே மெல்ல அடக்கியபின், லிமிட்டருக்கு மிஞ்சிய வேலை பாதிக்கும் குறைவு. இப்படிச் செய்யும்போது ஹைபாஸ் வடிகட்டியை (தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவதை) கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். அது அலையின் கட்டத்தை (ஃபேஸை) நகர்த்துவதால் சில நேரம் பீக் குறைவதற்குப் பதில் கூடிவிடும்.

ட்ரூ பீக்கை -1-க்கு மேல் விடாதீர்கள். சாம்பிள்களுக்கு (டிஜிட்டல் ஒலியில் அளவெடுத்த புள்ளிகளுக்கு) இடையே அலை இன்னும் மேலே எழும். சாதாரணப் பீக் மீட்டர் அதைக் காட்டாது. எம்பி3, ஏஏசி போன்ற வடிவங்களுக்குச் சுருக்கும்போதும் உச்சிகள் சற்று உயரும். மிக உரத்த மாஸ்டர் (வெளியீட்டுக்கான இறுதிக் கோப்பு) என்றால் -2 விடுவது நல்லது.

இனி, எவ்வளவு உரப்பு? நீங்கள் -8 லஃப்ஸில் கொடுத்தால் -14-ஐப் பின்பற்றும் தளம் 6 டெசிபல் குறைத்துவிடும்; நசுக்கியது மட்டும் நசுங்கியபடியே இருக்கும். -18-இல் கொடுத்தால் யூடியூப் ஏற்றித் தராது. ஸ்பாட்டிஃபை பீக் இடம் கொடுக்கும் வரைதான் ஏற்றும். ஆப்பிள் மியூசிக் -16-ஐ வைத்துக்கொள்கிறது. ஆக எல்லோருக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது. அடர்த்தியான ராக் பாடல் -9-இல் கம்பீரமாக இருக்கலாம், தனிக் கிட்டார் பாடல் -16-இல் உயிரோடு இருக்கலாம். தொலைக்காட்சி இதற்கு விலக்கு: ஐரோப்பாவின் ஆர்128 பரிந்துரை -23 என்கிறது, அமெரிக்காவின் ஏ/85 -24 என்கிறது. அங்கே கேட்ட எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

அடர்த்தியைத் தீர்மானிக்க நான் நம்பும் வழி ஒன்றுதான். லிமிட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வடிவங்களையும் ஒரே லஃப்ஸுக்கு இறக்கி, மாற்றி மாற்றிக் கேட்பேன். உரத்தது எப்போதும் நல்லதாகத்தான் தோன்றும், அரை டெசிபல் வித்தியாசமே காதை ஏமாற்றப் போதும். சமப்படுத்திக் கேட்கும்போது லிமிட்டர் போட்டது தட்டையாகத் தெரிந்தால் அதைத் தளர்த்திவிடுவேன், எண் என்னவானாலும் சரி. மற்றவர்களின் பாடலோடு ஒப்பிடும்போதும் இதே முறைதான். அப்போதும் உங்களுடையது மெலிதாகத் தோன்றினால் காரணம் சத்தம் அல்ல. பெரும்பாலும் நடு அதிர்வெண்களில் குரலும் கிட்டாரும் ஒன்றையொன்று மூடிக்கொண்டிருக்கும்.

அளக்கப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் உள்ள லவுட்நார்ம் வடிகட்டியே போதும். ஆனால் இரண்டு சுற்றாக ஓட்டுங்கள்: முதல் சுற்று அளக்க, இரண்டாவது அந்த எண்களைக் கொடுத்து நேர்கோட்டு முறையில், அதாவது பாடல் முழுவதையும் ஒரே அளவில், ஏற்ற. ஒரே சுற்றில் விட்டால் பாடல் போகும் போக்கிலேயே அளவை ஏற்றி இறக்கும். பேச்சுக்குப் பரவாயில்லை, இசைக்கு வேண்டாம். பீக் இடம் போதாவிட்டால் இரண்டாவது சுற்றிலும் அது சொல்லாமலே அந்த ஏற்றி இறக்கும் முறைக்கு மாறிவிடும், கவனியுங்கள். அப்படி மாறும்போது சாம்பிள் ரேட்டும் 192 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும், வேண்டியதைக் கட்டளையிலேயே குறிப்பிடுங்கள்.

பல பாடல்களை ஒரு தொகுப்பாக வெளியிடுவதாக இருந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒரே எண்ணுக்குக் கொண்டுவராதீர்கள். மென்மையான பாடல் அதிரடிப் பாடலுக்கு இணையாக உரத்து நிற்பது காதுக்கு உறுத்தும். மிக உரத்த பாடலை முதலில் முடித்துக்கொண்டு, மற்றவற்றின் குரலை அதன் குரலோடு ஒப்பிட்டு, காதால் வையுங்கள்.