லண்டனிலிருந்து டோக்கியோவுக்கு எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

நேர்த் தூரம் சுமார் 9,600 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் இப்போது ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகிறது. 2022க்கு முன்பு 12 மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால், பழைய தகவலை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

பூமி உருண்டை என்பதால், மிகக் குறுகிய பாதை வடக்கே வளைந்து ஸ்காண்டிநேவியா, சைபீரியா வழியாகப் போகும். உக்ரைன் போருக்குப் பிறகு பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைப் பயன்படுத்துவதில்லை. அதனால் துருக்கி, காஸ்பியன் கடல், மத்திய ஆசியா, சீனா என்று தெற்கே சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. திரும்பும்போது சில விமானங்கள் பசிபிக், அலாஸ்கா, கிரீன்லாந்து வழியாக வருகின்றன. பனிப்போர்க் காலத்திலும் இதே நிலைதான். அப்போது பல விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின.

அப்புறம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றோட்டம், குறிப்பாகக் குளிர்காலத்தில், கிழக்கு நோக்கிப் போகும் விமானத்தை முன்னே தள்ளும். எதிர்த்து மேற்கே பறந்தால் நேரம் கூடும்.

டிக்கெட்டைப் பார்க்கும்போதும் கவனம் தேவை. அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். டோக்கியோ லண்டனைவிடக் குளிர்காலத்தில் 9 மணி நேரமும் கோடையில் 8 மணி நேரமும் முன்னால் இருக்கும். டிசம்பரில் லண்டனில் பகல் 12 மணிக்குக் கிளம்பி 14 மணி நேரம் பறந்தால், டோக்கியோவில் மறுநாள் காலை 11 மணி. வெறுமனே கழித்துப் பார்த்தால் 23 மணி நேரப் பயணம் போலத் தெரியும்.

நடுவில் விமானம் மாறினால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.