வைரஸ் காய்ச்சலில் அழற்சியைக் குறைப்பது எது: மருந்தா, மஞ்சளா, மூச்சுப் பயிற்சியா?

கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் சண்டையில் எழும் சூடு, வீக்கம், வலி ஆகியவைதான் அழற்சி. பெரும்பாலும் அது அளவோடு முடிந்துவிடும். சிலருக்கு அப்படி முடிவதில்லை. வயலில் புகுந்த ஒரு மாட்டை விரட்ட ஊரே திரண்டு ஓடினால், மாடு மேய்ந்ததைவிட மிதிபட்டு அழியும் பயிர்தான் அதிகம். கடுமையான கோவிட்டில் நுரையீரலுக்கு நேர்வது இதுதான்.

இதை அடக்குவதில் உறுதியான சான்று மருந்துக்கே உண்டு. 2020இல் மருத்துவமனையில் இருந்த கோவிட் நோயாளிகளிடம் நடந்த பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில், டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டை (உடலின் எதிர்ப்பையும் அழற்சியையும் அடக்கும் மருந்து) நாளுக்கு 6 மில்லிகிராம் கொடுத்தார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடம் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை. நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தக் கடைசி முடிவைத்தான்.

மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுக்கூடத்தில் அழற்சியைத் தணிக்கிறது. ஆனால் சாப்பிட்டால் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. வைட்டமின் டி குறைபாடு இருந்தால் சரிசெய்ய வேண்டியதுதான், ஆனால் அது சிகிச்சைக்கு மாற்றாகாது. மூச்சுப் பயிற்சியும் தியானமும் பதற்றத்தைத் தணித்து, தூக்கத்துக்கு உதவும். அதுவே நோயாளிக்குப் பெரிய ஆறுதல். மூச்சுத் திணறலுக்கு அது வைத்தியம் அல்ல.

காய்ச்சல் தொடங்கிய அன்றே ஸ்டீராய்டு விழுங்கினால் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் முதல் நாட்களில் வைரஸை ஒடுக்குவதே, ஸ்டீராய்டு அடக்கிவிடும் உடலின் அந்த எதிர்ப்புதான். மேலும், 2021இல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை நோய் பெருகியதற்குக் கட்டுப்படாத சர்க்கரை நோயோடு வரைமுறையற்ற ஸ்டீராய்டு பயன்பாடும் ஒரு காரணம்.